மூன்று மிதி, ஒரு பிடி

அந்தப் பட்டறைக்குள் முதன்முறையாக நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவன இரண்டு கால்கள். முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்திய வண்டியின் அடியிலிருந்து அவை நீட்டிக்கொண்டிருக்கும். அதே வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நெடும்பயணம் போகிறவரைப் போல நேரே பார்த்தபடி அமர்ந்திருப்பார். வண்டி எங்கும் போகாது. எதிரே இருப்பது காரை பெயர்ந்த ஒரு சுவரும், அதில் வரிசையாக ஆணியில் தொங்கும் ஃபேன் பெல்ட்டுகளும்தாம்.

"மிதி" என்று அடியிலிருந்து குரல் வரும். அம்மாள் மிதிப்பார்.

"மிதி... மிதி... பிடி!"

மூன்றாம் மிதியில் கால் அப்படியே நிற்கும். கீழே ஸ்பேனர் திரும்பும் ஓசை கேட்கும். பெடல் மெல்ல இறங்கும். மறுபடியும் ஸ்பேனர் ஓசை. பிறகு, "விடு."

கீழே கிடப்பவரைத் தெருவில் எல்லோரும் பிரேக்காரர் என்பார்கள். மேலே இருப்பவர் அவருடைய மனைவி. வாடிக்கையாளர்கள் அவருக்கு இட்ட பெயர் பெடலக்கா. அந்தப் பெயரில் கொஞ்சம் கேலி இருந்தது. நாளடைவில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பிரேக் வேலை செய்யும் விதம் எளிது. காலால் அழுத்தும் பெடல், மாஸ்டர் சிலிண்டர் என்னும் குழலுக்குள் இருக்கும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த ஆயில் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்கே பிரேக் கட்டைகளை நெருக்குகிறது. ஆயிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்குவதில்லை. இங்கே தள்ளியது அங்கே போய்ச் சேர்ந்தே தீரும். காற்றுக்கு அந்த நேர்மை கிடையாது. அழுத்தினால் ஒடுங்கும், விட்டால் விரியும். குழாய்க்குள் ஒரு குமிழி புகுந்துவிட்டால் கால் கொடுத்த பலத்தை அது வழியிலேயே விழுங்கிவிடும். ஆகவே பிரேக்கில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே ஒருவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறக்க, ஆயிலோடு காற்றும் வெளியேறும். திருகை மூடும் வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று வந்த வழியே உள்ளே திரும்பிவிடும். செய்த வேலை அத்தனையும் வீண்.

திருமணமான இரண்டாம் மாதம், மதியச் சாப்பாட்டு டப்பாவோடு பட்டறைக்கு வந்த அன்றுதான் அக்கா முதன்முதலாக அந்த இருக்கையில் ஏறினார். மிதிப்பதற்கு ஆளில்லாமல் பிரேக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஏறி உக்காரேன். நான் சொன்னா மிதி, சொன்னா விடு. அவ்வளவுதான்."

"வண்டி ஓடிடாதுங்களே?"

"நாலு சக்கரத்தையும் கழட்டி வெச்சிருக்கேன். எங்க ஓடும்?"

டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு மிதித்தார். அன்று தொடங்கியது, இருபத்தாறு ஆண்டுகள். இதற்கிடையில் ஒரு நாள், உதிரிபாகக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார் என்று பிரேக்காரர் "பிடி" என்ற நிலையிலேயே எழுந்து போய்விட்டார். பேச்சு சுவாரசியத்தில் இங்கே ஒருத்தி உட்கார்ந்திருப்பதே மறந்துபோயிற்று. இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இன்னுமா பிடிச்சிருக்கே? கால் மரத்துப் போயிருக்குமே!"

"மரத்த கால உதறினா சரியாயிடும். திருகு திறந்திருக்கா மூடியிருக்கான்னு எனக்கென்ன தெரியும்? நீங்க 'விடு'ன்னு சொல்லலியே."

தெருவே சொல்லிச் சிரித்த கதை அது. பிரேக்காரர் மட்டும் அதைப் பெருமையாகவே சொல்வார்.

மிதித்து மிதித்து அக்காவின் வலது காலுக்கு ஒரு தனி அறிவு வந்திருந்தது. பெடல்களை அவர் நான்கு வகையாகப் பிரித்திருந்தார்: கல், ரப்பர், பஞ்சு, சேறு. கல் என்றால் வண்டியைக் கொடுத்து அனுப்பலாம். ரப்பர் என்றால் இன்னும் ஒரு சுற்றுக் காற்று எடுக்க வேண்டும். பஞ்சு என்றால் எங்கோ நிறையக் காற்று. சேறு மிகக் கெட்டது. முதலில் கெட்டியாக நின்று, பிடிக்கப் பிடிக்கத் தானாக இறங்கும்; எங்கோ கசிகிறது என்று பொருள். இத்தனை தெரிந்தவருக்கு வண்டி ஓட்ட மட்டும் தெரியாது. தேவைப்பட்டதே இல்லை.

தேவை வந்தது ஒரு கண் மருத்துவரின் அறையில். பிரேக்காரரின் பக்கவாட்டுப் பார்வை குறுகி வருகிறது என்று மருத்துவர் கண்டார். சொட்டு மருந்து விட்டால் இந்த அளவோடு நிற்கும், கைவேலைக்கு ஒன்றும் தடையில்லை, ஆனால் இனிச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

கேட்பதற்குச் சிறிய கட்டளைதான். ஆனால் பட்டறை வாசலில் ஒரு நீலப் பலகை தொங்கியது. பட்டறை திறந்த நாளில் பிரேக்காரர் தம் கையாலேயே வெள்ளையில் எழுதியது: "ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டி ஒப்படைக்கப்படும்." நிற்கிற வண்டியில் நன்றாக இருக்கும் பிரேக், ஓடுகிற வண்டியில் ஒரு பக்கமாக இழுக்கலாம். சாலையில் நிறுத்திப் பார்க்காமல் ஒரு வண்டியையும் அவர் கொடுத்ததில்லை.

சில வாரங்கள் பக்கத்து டயர்க்கடைத் தம்பி வந்து ஓட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் போகும்போது ஒரு புழுதி, வரும்போது ஒரு புழுதி.

"எப்படி இருக்கு தம்பி?"

"சூப்பரா நிக்குதுண்ணே."

"பெடல் எவ்வளவு இறங்குது?"

"அதையெல்லாமா பாக்கச் சொல்றீங்க? நிக்குதா இல்லையான்னு கேளுங்க, சொல்றேன்."

அக்கா குறுக்கிட்டு, "ஒரு பக்கமா இழுக்குதா?" என்பார்.

"இழுத்தா நான் விடுவனா அண்ணி? ஸ்டியரிங்க எதிர்ப்பக்கம் பிடிச்சு நேராக்கிட மாட்டேன்?"

அப்படி அவர் நேராக்கிக்கொண்டு வந்த வண்டி ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. அதன் உரிமையாளரான பள்ளி ஆசிரியை கடிந்துகூடப் பேசவில்லை. "பிரேக் போட்டா இடது பக்கம் போகுதுங்க, உங்க பட்டறையில செஞ்ச வேலைன்னு நம்பவே முடியல" என்று மட்டும் சொன்னார். அன்று பிரேக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை ஒரு சிறிய வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக வந்து, பலகைக்குக் கீழே முக்காலியைப் போட்டு ஏறினார்.

"என்னங்க பண்றீங்க?"

"அந்த வரிய அழிச்சிடறேன். செய்யாததை எழுதி மாட்டி வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட நிக்கறது?"

அக்கா முக்காலியைப் பிடித்துக்கொண்டார். "இறங்குங்க. மூணு மாசம் அந்த டப்பாவத் திறக்காதீங்க. நான் ஓட்டக் கத்துக்கறேன்."

பிரேக்காரர் மேலிருந்தபடியே அவரைப் பார்த்தார். "நீயா?"

"ஏன், மிதிக்க மட்டும்தான் லாயக்கா?"

அவர் இறங்கிவிட்டார். அக்கா பழகுநர் உரிமம் வாங்கி, இரண்டு தெரு தள்ளியிருந்த ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவரை அங்கே எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். வயதில் அக்காவைவிடப் பத்துப் பதினைந்து இளையவர். கிளட்ச்சை மெதுவாக விட இடது கால் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. அது இத்தனை ஆண்டுகள் சும்மா இருந்த கால், சொன்னதைக் கேட்டது. வம்பு செய்தது வலது கால்தான். நிறுத்தச் சொன்னால் மிதி, மிதி, மிதி என்று மூன்று முறை மிதித்தது. வண்டி மூன்று முறை குலுங்கி நின்றது.

"அம்மா, ஒரே தடவை மெதுவா அழுத்துங்க. உங்க பக்கத்துல உக்காந்து நீங்க சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடற மாதிரித் தலையாட்டிக்கிட்டே இருக்கேன்."

அதை ஒருவாறு திருத்திக்கொண்டார். இரண்டாவது குற்றம் திருந்தவில்லை. சிக்னலில் பச்சை விழும். பின்னால் ஹாரன்கள் அலறும். பெடலைப் பிடித்த கால் பிடித்தபடியே இருக்கும்.

"காலை எடுங்கம்மா! அரை நிமிசம் ஆச்சு!"

"எடுக்கணும்னுதான் தம்பி இருக்கேன். கால் வரமாட்டேங்குது."

இப்படிச் சிக்னலில் மாட்டிக்கொண்ட மூன்றாம் நாள் அக்காவுக்கே காரணம் புலப்பட்டது. வெட்கத்தோடு மாஸ்டரிடம் சொன்னார்: இருபத்தாறு வருசமாக, கீழே இருந்து ஒரு குரல் 'விடு' என்று சொன்னால்தான் கால் எழும். மாஸ்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சரிம்மா, இனிமே நானே சொல்றேன். மரியாதை இல்லாமப் பேசறான்னு கோவிச்சுக்கக் கூடாது."

அவர் "விடு" என்றார். வண்டி பூப்போலக் கிளம்பியது. அன்றிலிருந்து பாடம் தங்குதடையின்றி நடந்தது. ஆனால் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

"டெஸ்ட்ல நான் பக்கத்துல இருக்க முடியாதும்மா. ஆபீசர்தான் இருப்பாரு. அவர் வாயத் திறக்கறதே அபூர்வம். மேட்டுல நிறுத்தி எடுக்கணும். அங்க காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்துட்டீங்கன்னா ஃபெயில்தான்."

வீட்டில் பயிற்சி தொடங்கியது. மனத்துக்குள் 'விடு' என்று சொல்லிப் பார்த்தார், காலுக்குக் கேட்கவில்லை. சாப்பிடும்போதும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விடுமுறையில் வந்திருந்த மகள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் தகப்பனாரிடம் முறையிட்டாள்.

"அப்பா, அம்மா சாப்பாட்டு மேசைக்கு பிரேக் போடறா."

"பிடிச்சுக்கட்டும் விடு" என்றார் பிரேக்காரர். அந்தக் கடைசிச் சொல் காதில் விழுந்ததும் அக்காவின் கால் படக்கென்று எழுந்தது. மகள் சிரித்த சிரிப்பில் புரையேறியது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் பலகையும், அலமாரியில் திறக்காமல் இருந்த பெயின்ட் டப்பாவும் அவர் நினைவில் இருந்தன.

தேர்வு நாளன்று, வழக்கமாக ஓட்டிப் பழகிய வெள்ளை வண்டி வேறோர் ஊருக்குப் போயிருந்தது. பள்ளியின் சிவப்பு வண்டிதான் மைதானத்துக்கு வந்தது. எட்டுப் பேர் காத்திருந்தார்கள், அக்கா மூன்றாவது. அதிகாரி மெலிந்த மனிதர். மடியில் கோப்பு, கையில் பேனா, முகத்தில் ஒன்றுமில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க."

பதற்றத்தில் அக்காவின் கால் திருத்திய பழக்கத்தையெல்லாம் உதறிவிட்டது. எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே மிதி, மிதி, மிதி என்று மூன்று முறை மிதித்துப் பிடித்தது. பெடல் கல்லாக நின்றது. பிறகு, கீழே யாரும் திருகைத் திறக்காமலே, மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது.

சேறு.

அக்கா சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"சார், இந்த வண்டிய நான் எடுக்க மாட்டேன்."

"பயமா இருந்தா அடுத்த வாரம் வாங்க."

"பயம்தான் சார். ஓட்டறதுக்கு இல்ல. பிரேக் ஆயில் எங்கயோ கசியுது."

"காலையிலேர்ந்து ரெண்டு பேர் ஓட்டியாச்சு. நல்லாத்தான் நின்னுது."

"மெதுவாப் போனா நிக்கும் சார். நீங்களே ஒரு தடவை உக்காந்து பாருங்களேன்."

பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அதிகாரி சுற்றி வந்து இருக்கையில் அமர்ந்தார். ஒரு முறை மிதித்தார். "கெட்டியா இருக்கே" என்றபடி காலை எடுத்தார்.

"எடுக்கக் கூடாது சார். மூணு தடவை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே இருங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அதிகாரி மறுபேச்சில்லாமல் மிதித்துப் பிடித்தார். அக்கா பின்பக்கம் போய்க் குனிந்தார். அதிகாரியின் முழங்கால் சிறிது சிறிதாக முன்னே போவதை மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள்.

"இறங்குது" என்றார் அதிகாரி. சொன்ன குரல் அதிகாரியின் குரலாக இல்லை.

பின்சக்கரத்தின் உட்புறம் நனைந்திருந்தது. அக்கா விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், வழுக்கியது. "இப்ப விடுங்க சார்" என்று விரலைக் காட்டினார்.

மாஸ்டர் ஓடிவந்தார். "போன வாரம் ஆயில் குறைஞ்சிருந்துச்சும்மா, ஊத்தினேன். நேத்தும் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, ஊத்தினேன்."

"ஊத்தினது சரி தம்பி. முன்ன ஊத்தினது எங்க போச்சுன்னு கேக்க வேணாமா? அது என்ன வண்டி குடிக்கிற தண்ணியா?"

மாஸ்டர் தலை தானாகவே ஆடியது. இம்முறை பிரேக் காரணமில்லை.

அதிகாரி கோப்பில் 'தேர்வு நடைபெறவில்லை' என்று எழுதி, எல்லோரையும் அடுத்த வாரம் வரச் சொன்னார். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டு வந்திருந்த ஒரு பெண் முணுமுணுத்தாள்: "உங்களால என் லீவு போச்சு பெரியம்மா."

"அந்த மேட்டுலேர்ந்து பின்னால உருண்டிருந்தா எத்தனை லீவு போட்டிருப்பே கண்ணு?" என்றார் அக்கா. அவள் மேட்டை ஒரு முறை பார்த்தாள்; அப்புறம் முணுமுணுக்கவில்லை.

சிவப்பு வண்டி வேறெங்கே போகும்? கயிறு கட்டி இழுத்து அக்காவின் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. பிரேக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த சிறு சிலிண்டரின் ரப்பர் கிண்ணம் கிழிந்திருந்தது. புதிய சிலிண்டரைப் பொருத்திவிட்டு அவர் அடியில் புகுந்தார். அக்கா மேலே ஏறினார். மாஸ்டர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதி... மிதி... மிதி... பிடி!"

மாஸ்டருக்கு எல்லாம் விளங்கிற்று. "இந்தப் பாட்டுக்குத்தானாம்மா உங்க கால் ஆடுது?" என்றார்.

"விடு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. நான்கு சக்கரங்களும் முடிந்து கடைசி மிதியில் பெடல் நின்றது. அக்கா நூறு வரை எண்ணினார். அசையவில்லை.

"கல்லு" என்றார்.

அடுத்த வாரம் அதே மைதானம், அதே சிவப்பு வண்டி. பெடலின் கெட்டி காலுக்குப் பழகிய கெட்டியாக இருந்தது. வளைவுகளைக் கடந்தார். கோட்டுக்குள் நிறுத்தினார். பின்னோக்கி எடுத்தார். கடைசியாக மேடு வந்தது. பாதி ஏற்றத்தில் அதிகாரி விரலை உயர்த்த, அக்கா ஒரே அழுத்தில் நிறுத்தினார். விரல் முன்னே காட்டியது, கிளம்ப வேண்டும்.

கால் பிடித்தபடி இருந்தது.

கிளட்ச் வாகான இடத்தில் நின்றது. எஞ்சின் மெல்ல முனகியது. அதிகாரி பேசவில்லை. மைதானத்தின் ஓரத்தில் மாஸ்டர் உதட்டை அசைப்பது தெரிந்தது. இவ்வளவு தூரம் கேட்குமா? கம்பி வேலிக்கு அப்பால், ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பி, நல்ல பார்வையால் இவரைத் தேடிக்கொண்டு பிரேக்காரர் நின்றிருந்தார். அவர் மேலே நிற்கிறார், வண்டியின் அடியில் யாருமில்லை என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. திருகு ஏதும் திறந்திருக்கவில்லை. மூடியிருக்கிறது என்று சொல்லவேண்டிய ஆள் தாம் மட்டுமே.

"விடு" என்றார் அக்கா, வாய்விட்டு, உரக்க.

கால் எழுந்தது. வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேடேறியது.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "யாருக்குச் சொன்னீங்க?"

"காலுக்கு சார். வாய்விட்டுச் சொன்னாத்தான் அதுக்குக் கேக்கும்."

அதிகாரி கோப்பில் எழுதினார், கையெழுத்திட்டார். கோப்பை மூடிய பிறகு, அன்றைய தினத்தின் மிக நீண்ட வாக்கியத்தைச் சொன்னார்: "போன வாரத்திலேர்ந்து டெஸ்டுக்கு எந்த வண்டி வந்தாலும் மொதல்ல நானே ஏறி மூணு தடவை மிதிச்சுப் பிடிச்சுப் பாத்துட்டுதான் ஆளுங்கள ஏத்தறேன்."

உரிமம் கைக்கு வந்த அன்று பிரேக்காரர் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பலகையில் மங்கிப்போயிருந்த அந்த ஒற்றை வரியின் வெள்ளை எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் புதுப்பித்தார். மிச்சத்தை வாசற்கதவுக்கு அடித்தார்.

மறுநாள் ஆசிரியையின் வண்டி மறுபடி வந்தது; இம்முறை முன்சக்கரக் கட்டைகள் தேய்ந்திருந்தன. மாற்றி, காற்று எடுத்து முடித்ததும், பிரேக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார். டயர்க்கடைத் தம்பி வாசலுக்கு வந்து கும்பிடு போட்டார்.

"அண்ணி, என் வேலைக்கு வேட்டு வெச்சுட்டீங்களே!"

"புழுதி அடங்கிச்சேன்னு சந்தோசப்படுங்க தம்பி."

பட்டறைத் தெருவைக் கடந்து, ஆலைச்சுவரை ஒட்டிய நீண்ட நேர்சாலைக்கு வண்டி வந்தது. அக்கா வேகத்தைக் கூட்டி, ஸ்டியரிங்கை விரல் நுனியில் மட்டும் தாங்கிக்கொண்டு, ஒரே சீராக அழுத்தினார். வண்டி கோடு கிழித்தாற்போல நேரே நின்றது.

"இழுக்கல" என்றார் அக்கா. "பெடல் கட்டைவிரல் அளவு இறங்குது. கல்லு."

பிரேக்காரர் மனநிறைவோடு தலையசைத்தார். பிறகு, பழக்கம் சும்மா விடுமா, வாயைத் திறந்து, "வி—" என்று தொடங்கினார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"என்ன, சொல்றதுக்குள்ள விட்டுட்டே?"

"இருபத்தாறு வருசத்துல முதல் தடவை" என்றார் அக்கா, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "காத்து ஒண்ணும் உள்ள போயிடாது. பேசாம வாங்க."

பிரேக்காரர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு நேரமாகத் தமது வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார், மெதுவாக எடுத்துவிட்டார்.